இன்லே வேலை கொண்ட மரச்சாமான்: தச்சருக்கு எவ்வளவு, மைசூருக்கு எவ்வளவு?

வீட்டு வேலை முடியும் தறுவாயில் பலருக்கு ஓர் ஆசை எட்டிப் பார்க்கிறது. பூஜை அறைக் கதவிலோ கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலோ மரத்துக்குள் மரம் பதிக்கும் மைசூர் இன்லே வேலை கொஞ்சம் இருந்தால் என்ன என்று. ஈட்டி மரத்தின் கருமைக்குள் பலா மரத்தின் மஞ்சள், தேக்கின் பழுப்பு, ஏதோ ஒரு வெண்மரத்தின் வெளுப்பு. எல்லாம் சேர்ந்து அம்பாரி சுமந்த யானையாகவோ மயிலாகவோ நிற்கும் அழகில் மயங்காதவர் குறைவு. ஆசையில் தவறில்லை. அதை யாரிடம் செய்யக் கொடுப்பது என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நம் ஊர்த் தச்சருக்கு மூட்டு தெரியும், கதவு நிற்கும் நிலை தெரியும், கீல் எங்கே கனம் தாங்கும் என்பது தெரியும். மரத்துக்குள் மரத்தைப் பதித்துப் படம் செய்வது அவருடைய தொழில் இல்லை. மைசூர்க் கைவினைஞருக்கு அது பரம்பரையாகக் கைவந்தது. ஆனால் அங்குள்ள பட்டறைகளில் பெரும்பாலும் உருவாவது சுவரில் மாட்டும் பலகைகள், நகைப்பெட்டிகள், டீப்பாய்கள். எட்டடி உயர அலமாரியின் உடலைச் செய்வது வேறு கை. ஆகவே எந்த வழியில் போனாலும் இரண்டு பேருடைய வேலை ஓரிடத்தில் சந்தித்தாக வேண்டும். எங்கே சந்திப்பது, அந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்கிறீர்கள். விலையும் அழகும் அதற்குப் பிறகு.

வழிகள் நான்கு. முழுப்பொருளையும் மைசூரிலேயே செய்யச் சொல்லலாம். மைசூரிலிருந்து படப்பலகையை வாங்கிவந்து உள்ளூர்த் தச்சரிடம் கொடுத்துச் சட்டத்துக்குள் பொருத்தலாம். உள்ளூர்த் தச்சர் அறுத்து இழைத்த பலகைகளை மைசூருக்கு அனுப்பி, பதித்து வாங்கி, திரும்ப இங்கே கோக்கலாம். அல்லது மைசூரை மறந்துவிட்டு, வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளை லேசரில் வெட்டி பிளைவுட்டின் மேல் ஒட்டும் நவீன வழியில் போகலாம். என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: கதவுக்கும் கட்டிலுக்கும் இரண்டாவது வழி, சாப்பாட்டு மேசைக்கு நான்காவது, சிறு பொருளுக்கு முதலாவது. மூன்றாவது வழி மிக அழகானது. பொறுமையும் வரைபடமும் உள்ளவர்களுக்கு மட்டும்.

முதலில் அந்த வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்

மைசூரில் மண்டி மொகல்லாப் பகுதியின் சந்துகளில் இந்தத் தொழில் செய்வோர் பலர் இருக்கிறார்கள். தாளில் வரைந்த படத்தைப் பகுதி பகுதியாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதற்குரிய நிறமுள்ள மெல்லிய மரத்துண்டின் மேல் ஒட்டுகிறார்கள். யானையின் காது ஒரு மரம், தந்தம் வேறு மரம், அம்பாரி இன்னொன்று. நூல் போன்ற அலகுள்ள சிறு ரம்பத்தால் கோட்டின் மேலேயே அறுக்கிறார்கள். அறுத்த துண்டுகளை அடிப்பலகையின் மேல் அடுக்கி, ஓரத்தைச் சுற்றிக் கூர்முனையால் கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு உளியால் குடைகிறார்கள். துண்டு அந்தக் குழிக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். ஆட்டம் இருந்தால் பசை தெரியும். இறுக்கம் மிஞ்சினால் ஓரம் உடையும். பசை காய்ந்தபின் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு இழைத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குகிறார்கள்.

கடைசியில்தான் படத்துக்கு உயிர் வருகிறது. யானையின் கண், தும்பிக்கையின் மடிப்பு, தென்னங்கீற்றின் நரம்பு எல்லாம் தனித்தனித் துண்டுகள் அல்ல. கூர்முனையால் மேற்பரப்பில் கீறி, அந்தக் கீறலில் கறுப்பு மெழுகைத் தேய்த்து நிரப்பிய கோடுகள். கீறலின் ஆழம் தலைமுடி அளவுதான். இதை நினைவில் வையுங்கள். பாதிச் சண்டைகள் இந்தக் கோடுகளை வைத்துத்தான் நடக்கின்றன.

ஒரு காலத்தில் இங்கே பதித்த பொருள் மரம் மட்டும் இல்லை, யானைத் தந்தமும்தான். 1897-இல் எரிந்துபோன பழைய அரண்மனைக்குப் பதிலாக ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-இல் முடிந்த மைசூர் அரண்மனையில், அம்பாவிலாச மண்டபத்தின் ஈட்டி மரக் கதவில் தந்தம் பதித்த வேலையை இன்றும் பார்க்கலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்னால் வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தை முற்றாக நிறுத்தின. பழம்பொருள் கடையில் யாராவது தந்தம் பதித்த மேசை என்று காட்டினால் விலையைக்கூடக் கேட்காமல் நகர்ந்துவிடுவது நல்லது.

முழுப்பொருளும் மைசூரில்

இந்த வழியின் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: குறை வந்தால் கைகாட்ட ஒரே ஆள். மரத்தைத் தேர்ந்தெடுத்தவர், பதித்தவர், பாலிஷ் போட்டவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். கர்நாடக அரசின் காவேரி விற்பனை நிலையத்தில் போய்ப் பார்த்தால் எந்தெந்த அளவுகள் வழக்கமாகக் கிடைக்கின்றன என்பது அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அவர்களுடைய வழக்கமான அளவுக்குள், வழக்கமான படத்துக்குள் நீங்கள் இருக்கும்வரை எல்லாம் சுகம். உங்கள் வீட்டுச் சுவரின் மூன்றடி ஏழங்குல மூலைக்கு ஓர் அலமாரி என்று ஆரம்பித்தால், உடலைச் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியாத மூன்றாவது தச்சரிடம் போய்விடும். அவர் யார், மூட்டை எப்படிப் போட்டார் என்பதை நீங்கள் பார்க்கப்போவதில்லை.

இன்னொன்று, மரம். ஈட்டி என்று சொல்லி விற்கப்படும் பொருள் முழுக்க முழுக்க ஈட்டியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மேலே ஈட்டி வெனீர் ஒட்டியிருக்கலாம், அல்லது மலிவான மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கலாம். வெனீர் ஒட்டியிருப்பதில் குற்றமில்லை, அதைச் சொல்லிவிட்டால். சொல்லாவிட்டால் நீங்களே பார்க்க வேண்டியதுதான். பொருளைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பலகையின் முனைகளையும் பாருங்கள். மேற்பரப்பின் ரேகை முனையிலும் தொடர்ந்து இறங்கினால் முழு மரம்; முனையில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். தூக்கியும் பாருங்கள். ஈட்டி தேக்கைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கனம் கூடியது; தேக்கு டீப்பாயைத் தூக்கிப் பழகிய கைக்கு அந்த வித்தியாசம் சட்டென்று தெரியும்.

மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மிதமான காற்றில் காய்ந்த மரம் ஐப்பசி மழையில் சென்னைக்கு வந்து இறங்கினால் ஈரத்தைக் குடித்து விரியும். நேரே ஏசி அறைக்குள் போனால் சுருங்கும். நகைப்பெட்டிக்கு இது ஒன்றும் செய்யாது. நாலடி அகல முழுமரப் பலகைக்குச் செய்யும். சிறு பொருளுக்கு முதல் வழி என்று நான் சொன்னதன் காரணம் இதுதான்.

படப்பலகையை வாங்கி, இங்கே சட்டத்துக்குள்

நம் ஊரில் அதிகம் நடப்பது இது. அதிகம் கெட்டுப்போவதும் இதுவே. கெடுவதற்குக் காரணம் வழி அல்ல, வரிசை. கதவைச் செய்து முடித்து, நடுவில் ஓர் இடத்தை விட்டு, பிறகு அந்த இடத்துக்குப் பொருந்தும் பலகையைத் தேடி மைசூருக்குப் போகிறார்கள். கிடைக்கும் பலகை இரண்டங்குலம் சின்னதாகவோ ஓர் அங்குலம் பெரியதாகவோ இருக்கும். சின்னதென்றால் சுற்றிலும் பட்டி அடித்து ஒப்பேற்றுவார்கள். பெரிதென்றால் ஓரத்தை அறுப்பார்கள். கைவினைஞர் படத்தைச் சுற்றி வைத்த கரை ஒரு பக்கம் காணாமல் போகும். முதலில் பலகை கையில் வர வேண்டும். அதன்பின் அதை அளந்து சட்டம் அறுக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே இந்த வழி நான்கிலும் பாதுகாப்பானதாகிவிடுகிறது.

ஏன் பாதுகாப்பு என்று சொல்கிறேன்? மரம் குறுக்குவாக்கில் விரிந்து சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. ஒன்றரை அடி அகலத் தேக்குப் பலகை மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை அகலம் மாறக்கூடும். பழைய தச்சர்கள் இதற்குக் கண்ட விடைதான் சட்டமும் பலகையும். நாலு பக்கச் சட்டத்தின் உள்விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, பலகையை அந்தக் காடிக்குள் பசை இல்லாமல் மிதக்க விடுவது. பலகை தன் இஷ்டத்துக்கு விரியும், சுருங்கும். கதவின் அளவு மாறாது. காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் கதவுகள் தலைமுறைகளாக நிற்பதில் பர்மாத் தேக்குக்கு எவ்வளவு பங்கோ அந்தக் காடிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இன்றைய அவசரத்தில் என்ன நடக்கிறது? பலகை காடிக்குள் லொடலொடவென்று ஆடுகிறதே என்று ஃபெவிகால் விட்டு இறுக்கிவிடுகிறார்கள். ஓர் அடுக்குமாடி வீட்டில் படுக்கையறைக் கட்டிலின் தலைமாட்டில் இப்படி இறுக்கிய ஈட்டிப் பலகையைப் பார்த்திருக்கிறேன். இரவு முழுக்க ஏசி ஓடும் அறை. பலகை சுருங்க முயன்றிருக்கிறது. நாலு பக்கமும் பசை பிடித்திருக்கிறது. நடுவில் ரேகையோடு வாய் பிளந்துவிட்டது. பிளவு சரியாக யானைப்பாகனின் கழுத்து வழியாகப் போயிருந்தது. தச்சர் மரம் சரியில்லை என்றார், பட்டறைக்காரர் தச்சர் சரியில்லை என்றார். இருவருக்கும் நடுவில் பணம் கொடுத்தவர் நின்றார்.

இதைத் தவிர்க்க வாங்கும்போதே ஒரு கேள்வி போதும்: அடிப்பலகை முழுமரமா, பிளைவுட்டா? சுவர்ப்படமாக விற்கும் பலகைகளில் இரண்டும் உண்டு. பிளைவுட் என்றால் அசைவு மிகக் குறைவு, தாராளமாக ஒட்டிக்கொள்ளலாம். முழுமரம் என்றால் காடியில் பக்கத்துக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இடம் விட்டு மிதக்க விட வேண்டும். ஆட்டம் பிடிக்காதவர்கள் மேலும் கீழும் நடுமையத்தில் மட்டும் ஒரு சொட்டுப் பசை வைக்கலாம். இரு பக்கமும் சமமாக விரிய அது வழிவிடும். பலகை பாலிஷ் போட்டு முடிந்த நிலையில் காடிக்குள் இறங்க வேண்டும் என்பதும் முக்கியம். கோத்த பிறகு பாலிஷ் போட்டால், கோடையில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் பாலிஷ் படாத வெளிறிய கோடு தலைகாட்டும்.

இந்த வழிக்கு ஒரு குறையும் உண்டு. படம் எப்போதும் சட்டத்துக்குள் அடைபட்டே இருக்கும். மூன்று இழுப்பறைகளின் முகப்பிலும் ஒரே கொடி ஓடிப் படர வேண்டும், மேசைக் காலில் பூ இறங்க வேண்டும் என்றால் இது உதவாது.

பலகை போய் வரும் வழி

அப்படிப்பட்ட ஆசைக்கு மூன்றாவது வழிதான். இங்கே தச்சர் இழுப்பறை முகப்புகளை அளவுக்கு அறுத்து இழைத்து, இன்னும் கோக்காமல், மைசூருக்கு அனுப்புகிறார். அங்கே பதித்துத் திரும்பி வந்தபின் இவர் மூட்டுப் போட்டுக் கோக்கிறார். ஒருவரின் வேலை நடுவில் மற்றவரின் வேலை புகுந்து வெளியேறுகிறது.

பலர் கையால் செய்த சாமான் என்றால் மட்டம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. உலகத்தில் அதிகம் பேசப்படும் மரம் பதித்த சாமான்களில் ஒன்றான பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் எழுத்து மேசையைப் பாருங்கள். 1760-இல் ழான் பிரான்சுவா ஓபன் அதைத் தொடங்கினார், 1763-இல் இறந்துபோனார். அவருடைய பட்டறையில் வேலை செய்த ரீஸ்னர் அதை ஏற்று 1769-இல் முடித்துக் கொடுத்தார். இடையில் ஓபனின் விதவையை மணந்து பட்டறையையும் தன்னுடையதாக்கிக்கொண்டது தனிக்கதை. வெண்கல அலங்காரம் செய்தவர்கள் வேறு, கடிகாரம் செய்தவர் வேறு. இத்தனை கைபட்ட அந்த மேசை வெர்சாய் அரண்மனையில் இன்றும் இருக்கிறது. பலர் கை பட்டதால் சாமான் கெடுவதில்லை. ஒருவருடைய அளவு மற்றவருக்குத் தெரியாததால்தான் கெடுகிறது.

ஆகவே இந்த வழியில் இறங்குபவர் செலவழிக்க வேண்டிய முதல் பணம் வரைபடத்துக்கு. சிறிதாக்கிய படம் போதாது. பொருளின் அளவிலேயே, ஒன்றுக்கு ஒன்றாக, ஒரே தாளில் வரைந்து இரண்டு பிரதி எடுத்து இரண்டு பட்டறையிலும் சுவரில் ஒட்ட வேண்டும். இங்குள்ள தச்சர் அங்குலம், நூல் கணக்கில் பேசுவார். வடிவமைப்பாளர் மில்லிமீட்டரில் எழுதித் தருவார். மைசூர்ப் பட்டறையில் பேச்சு கன்னடத்திலும் உருதுவிலும் போகும். தொலைபேசியில் சொல்லிப் புரியவைக்கும் சமாச்சாரம் இல்லை இது. தாளில் இருக்கும் கோடு எல்லா மொழியும் பேசும்.

அந்த வரைபடத்தில் இவை இல்லாமல் பலகை ஊரை விட்டுப் போகக்கூடாது: எந்த ஓரம் மூட்டுக்குள் மறையும், கைப்பிடிக்கும் பூட்டுக்கும் துளை எங்கே விழும், பலகையின் கடைசித் தடிமன் எவ்வளவு. மூட்டுக்குள் போகும் ஓரத்தில் பூவைப் பதித்துவிட்டு, பிறகு அதை உளியால் வெட்டி எறிந்த கதைகள் உண்டு. தடிமனில் ஒரு நூலாவது கூடுதலாக விட்டு அனுப்ப வேண்டும். பதித்தபின் மட்டம் செய்ய இழைக்கும்போது அது குறையும்.

மர விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். தேக்கிலும் ஈட்டியிலும் எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்து நாளாகிவிட்ட பரப்பில் பசை சரியாகப் பிடிக்காது. குடைந்த குழியில் அன்றைக்கே ஒட்டுவது நல்லது. இரண்டாவது, கரைக்கோடு. படத்தின் துண்டுகள் சின்னவை. அவை எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் அடிப்பலகையின் அசைவைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பலகையின் ரேகைக்குக் குறுக்கே, ஒரு முனை முதல் மறுமுனை வரை, ஒரே நீளத் துண்டாகக் கரை பதித்தால் அது பொறுக்காது. பலகை சுருங்கும், கரைத்துண்டு சுருங்காது. ஒன்று பெயர்ந்து எழும், அல்லது அடிப்பலகையைப் பிளக்கும். குறுக்குக் கரையைச் சிறு சிறு துண்டுகளாக, பூவும் புள்ளியுமாக உடைத்துப் பதிக்கச் சொல்லுங்கள்.

காலம் அதிகம் பிடிக்கும் வழி இது. கல்யாணத் தேதி குறித்தபிறகு இதைத் தொடங்காதீர்கள்.

வெனீரும் லேசரும்

கைவினை என்று பேசத் தொடங்கிவிட்டு லேசர் என்றால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. அரை மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள வெனீர்த் தாள்களைப் படத்தின்படி வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து ஒரே படலமாக்கி, பிளைவுட்டின் மேல் அழுத்தி ஒட்டுகிறார்கள். வெனீரைப் படமாக வெட்டி ஒட்டுவது ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக நடப்பதுதான்; அன்று ரம்பம் வெட்டியது, இன்று லேசர் வெட்டுகிறது. அடித்தளம் பிளைவுட் என்பதால் விரிதல், சுருங்குதல் தொல்லை ஏறக்குறைய இல்லை. ஆறடிச் சாப்பாட்டு மேசையின் முழுப்பரப்பிலும் ஒரே கோலம் படர வேண்டும் என்றால் இதைவிடப் பத்திரமான வழி கிடையாது.

குறைகளைச் சொல்கிறேன். லேசர் வெட்டிய ஓரம் கருகியிருக்கும். துண்டுக்குத் துண்டு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு விழும். சில வடிவங்களுக்கு அது மை தீட்டிய கண்போல எடுப்பாகவே இருக்கும். வெண்மரத்தில் அசிங்கமாகத் தெரியும். வெனீர் மிக மெல்லியது. நாளை கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுப் புதுப்பிக்கும் பேச்சே இல்லை, இரண்டு இழுப்பில் அடியில் இருக்கும் பிளைவுட் பல்லிளிக்கும். மைசூர்க் குடைவு வேலையை ஒரு தலைமுறை கழித்து ஜாக்கிரதையாக மறுபடி தேய்த்து எடுக்க இடமிருக்கிறது, இதில் இல்லை. மேலே வெனீர் ஒட்டினால் அடியிலும் ஏதாவது வெனீர் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை வளையும். செலவை மிச்சம்பிடிக்க இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். மேசைக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சாயம் ஏற்றிய பச்சை, நீல வெனீர்களும் கிடைக்கின்றன. ஜன்னல் வெயிலில் அவை வெளுக்கும். மேசையின் மேல் வாழையிலைத் தண்ணீரும் கொதிக்கும் சாம்பார்ப் பாத்திரமும் வரப்போகின்றன என்பதையும் மறந்துவிட வேண்டாம். கண்ணாடி போட்டு மூடுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டில் வேறு வழி சொல்லவும் என்னிடம் இல்லை.

நிறம் நிற்குமா?

நான்கு வழிக்கும் பொதுவான ஒரு விஷயம் இது. கடையில் பார்க்கும் நிறம் பத்து வருடம் கழித்து இருக்காது. ஈட்டியின் ஊதா கலந்த கருமை வெயில் பட்டால் மெல்ல வெளிறிப் பொன்பழுப்பாகும். புதிதாக அறுத்த பலாவின் பளிச்சென்ற மஞ்சள் நாளாக ஆகக் கறுத்துப் பழுப்பேறும். ஒன்று வெளுக்க, மற்றது கறுக்க, இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நடக்கின்றன. இடையிலிருந்த எடுப்பு குறைகிறது. நேர்வெயில் விழும் சுவரில், மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரில், இன்லே வேலையை வைக்காதீர்கள். தலைவாசல் கதவில் வேண்டவே வேண்டாம். பூஜை அறை, படுக்கையறை, உள்கூடம் போதும்.

வெண்மைக்காகப் பதிக்கும் மரங்களில் உளுக்கும் ஆபத்து உண்டு. வைரம் பாயாத வெளிமரத்திலும் ரப்பர் மரத்திலும் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைக்கும். மருந்தேற்றிப் பதப்படுத்திய மரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதித்த இடத்தின் கீழே ஒருநாள் மாவுபோலத் தூள் கொட்டிக் கிடந்தால் அதுதான்.

ஊஞ்சல் பலகையில் இன்லே கேட்டு வருபவர்களும் உண்டு. உட்கார்ந்து எழுந்து உடம்பு தேயும் நடுப்பகுதியில் படம் பதிப்பது வீண். முன்விளிம்பில் ஒரு கரையாக ஓட விட்டால் போதும். நீளவாக்கில் ஓடும் கரை என்பதால் அசைவுத் தொல்லையும் குறைவு. சங்கிலிக் கொக்கி துளைக்கும் இடத்திலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும்.

ஈட்டி வேண்டுமா?

ஈட்டி, அதாவது தோதகத்தி, மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளின் மரம். மெதுவாக வளரும், வேகமாக வெட்டப்பட்டது. அதைக் காப்பதற்காகவே தமிழகத்தில் 1994-இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். உள்நாட்டில் பொருள் வாங்கும்போது முறையான ரசீதைக் கேட்டு வாங்கி, மரத்தின் பெயரை அதில் எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. 2017-இலிருந்து ஈட்டி உட்பட அந்த மரப் பேரினத்தின் ஏறக்குறைய எல்லா இனங்களும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. செய்து முடித்த பொருட்களில் அந்த மரத்தின் எடை ஓர் அனுப்புகைக்கு 10 கிலோவுக்கு உட்பட்டால் விலக்கு உண்டு. அதற்கு மேல் போனால் அனுமதிச் சான்று வேண்டும். நகைப்பெட்டி போய்விடும், கட்டில் போகாது.

அனுப்பும் எண்ணம் இருப்பவர்கள் தேக்கை அடிப்பலகையாக்கி, கருமை வேண்டிய இடத்தில் மட்டும் ஈட்டித் துண்டுகளைப் பதிக்கச் சொல்லலாம். வழக்கமான மைசூர்த் தோற்றம் தலைகீழாகிவிடும். கறுப்பின் மேல் வெளிச்சம் போய், வெளிச்சத்தின் மேல் கறுப்பு வரும். என் கண்ணுக்கு இது இன்னும் நன்றாக இருக்கிறது. வீட்டில் மற்ற சாமான்கள் தேக்கென்றால் ஒட்டியும் போகும்.

விலை பேசுவது

சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பரப்பை நிரப்பும் பெரிய பெரிய துண்டுகளாகத்தான் படம் வரும். கைவினைஞரின் நேரம் துண்டுகளின் எண்ணிக்கையிலும், வளைவுகளின் நெருக்கத்திலும், கடைசியில் கீறும் கோடுகளிலும் போகிறது. ஒரே அளவுள்ள இரண்டு மயில்களில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு உழைப்பை விழுங்கும். படத்தைக் காட்டி, எத்தனை துண்டு, எத்தனை மரம் என்று கேட்டு விலை பேசுங்கள். உள்ளங்கை அளவு மாதிரி ஒன்றைத் தனியே காசு கொடுத்துச் செய்து வாங்குங்கள். பிறகு நிறம் பற்றிய வாக்குவாதம் வந்தால் அது மேசைமேல் இருக்கும். பணத்தை மரம் வாங்க ஒரு பகுதி, பதித்து மட்டம் செய்தபின் நேரில் பார்த்து ஒரு பகுதி, கோத்து நிறுத்தியபின் மீதி என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். நடுப்பகுதியைக் கொடுக்குமுன் நேரில் போய்ப் பாருங்கள். புகைப்படத்தில் பசை இடைவெளி தெரியாது. விரல் நுனியால் தடவினால் தெரியும்.

பாலிஷ்

ஆரம்பத்தில் சொன்ன தலைமுடிக் கோடுகள் இங்கேதான் பலியாகின்றன. மைசூரிலிருந்து வந்த பலகையைக் கோத்து முடித்ததும், சட்டத்துக்கும் பலகைக்கும் ஒரே பளபளப்பு வர வேண்டுமே என்று பாலிஷ் போடுபவர் மின்சார உப்புத்தாள் இயந்திரத்தை எடுத்து எல்லாவற்றின் மேலும் ஒரு ஓட்டு ஓட்டுவார். யானைக்குக் கண் போய்விடும். தென்னைக்கு நரம்பு போய்விடும். தப்பிப் பிழைத்த கோடுகளின் மெழுகைத் தின்னர் கரைத்து இழுத்து, பக்கத்து வெண்மரத்தில் கறையாகப் பூசும். அதன்மேல் வால்நட் ஸ்டெயின் என்று ஒன்றை அடித்தால் ஐந்து நிற மரமும் ஒரே நிறமாகிவிடும். இத்தனை பாடுபட்டதற்கு ஒரே மரத்தில் செதுக்கியிருக்கலாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பாலிஷ் யார் பொறுப்பு என்பதை முதல்நாளே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வழியில், படமுள்ள பரப்புக்கு அதைப் பதித்தவரே பாலிஷ் போட்டு அனுப்ப வேண்டும். அதே பாலிஷில் ஒரு பாட்டிலைச் சட்டத்துக்காகத் தச்சருக்கு அவர் சேர்த்து அனுப்ப வேண்டும். சட்டத்தைத் தனியே பாலிஷ் செய்து முடித்த பிறகே பலகை காடிக்குள் இறங்கலாம். மூன்றாவது வழியில் பலகையைக் கோத்தபிறகுதான் பாலிஷ் என்பதால், பதித்தவரிடம் கண்ணும் நரம்பும் கீறும் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். சாமான் உங்கள் வீட்டில் மட்டம் செய்து நின்றபின் அவரோ அவர் அனுப்பும் ஆளோ வந்து கோடுகளைக் கீறி, மெழுகு நிரப்பி, பாலிஷ் போட்டுவிட்டுப் போகட்டும். வந்துபோகும் செலவையும் தங்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.